கொண்டை ஊசியில் ‘கட கட’: பட்டறைக்காரர் பதில்கள்

கேள்வி: நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் 2007 மாடல் ஃபோர்டு எண்டவர் ஒன்று வாங்கினேன். பின் டிஃபரன்ஷியலில் (வளைவில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு) லிமிடெட் ஸ்லிப், அதாவது சகதியில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றாமல் தடுக்கிற ஏற்பாடு, இருப்பதாக விற்றவர் சொன்னார். சர்வீஸ் விட்டபோது, ‘நல்ல சிந்தடிக் கியர் ஆயிலாக ஊற்றுங்கள்’ என்று சொல்லி ஊற்ற வைத்தேன். அதிலிருந்து சேலம் இறங்கும்போதும் ஏறும்போதும் கொண்டை ஊசி வளைவுகளில் பின்னாலிருந்து கட கடவென்று அதிர்வு. நேர் ரோட்டில் ஒன்றும் இல்லை. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: கிரவுனைக் கழற்ற விடாதீர்கள். ஒரு வாரத்துக்காவது விடாதீர்கள். கிரவுனும் அதைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரமான பினியனும் தேய்ந்த வண்டி நேர் ரோட்டில்தான் முதலில் ஊளையிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு சத்தம், காலை எடுத்தால் வேறு சத்தம் என்று மாறும். உங்கள் வண்டி நேராகப் போகும்போது வாயே திறப்பதில்லை. மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் அதிர்கிறது. அதுவும் ஆயில் மாற்றிய பிறகு. எனக்கு ஆயில் மேல்தான் சந்தேகம்.

ஊற்றிய ஆயில் டப்பாவைப் பார்த்தீர்களா? அதில் ‘எல்எஸ்’ (லிமிடெட் ஸ்லிப்) என்ற எழுத்து இருந்ததா? சிந்தடிக் என்பது வேறு, லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியது என்பது வேறு. கடையிலேயே விலை கூடிய சிந்தடிக் டப்பாவில் ‘ஜிஎல்-5’ மட்டும் போட்டிருக்கலாம். ஜிஎல்-5 என்றால் கிரவுனும் பினியனும் பல்லோடு பல் அழுந்தி உராயும்போது ஆயில் தாங்கும் என்று அர்த்தம். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தைச் சேர்க்கிறார்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டாலும் லேசில் போகாத அந்த நாற்றம் இந்தக் கந்தகத்துடையதுதான். (நான் சோற்றுத் தட்டை நீட்டும்போதே வீட்டில் சொல்லிவிடுவார்கள், இன்றைக்கு ஹவுசிங் வேலையா என்று.) ஆனால் டிஃபரன்ஷியலை மூடியிருக்கிற உங்கள் ஹவுசிங்குக்குள் பற்கள் மட்டும் இல்லை. கிளட்ச் பிளேட் மாதிரி மெல்லிய தட்டுகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

வளைவில் உள் சக்கரம் குறைவாகச் சுற்ற வேண்டும், வெளிச் சக்கரம் அதிகமாகச் சுற்ற வேண்டும். அப்போது இந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி வழுக்கிக்கொடுக்க வேண்டும். ஆயில் பொருந்தாவிட்டால் தட்டு பிடிக்கும், சட்டென்று விடும், மறுபடி பிடிக்கும். கரும்பலகையில் சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு இழுத்தால் தத்தித் தத்திப் போகுமே, அதே கதை. எல்எஸ் ஆயிலில் இதற்கென்றே ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்று ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள். அது தட்டின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு, நகரத் தொடங்கும் நேரத்துப் பிடிப்பைக் குறைக்கிறது. தட்டு தத்தாமல் நழுவுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கைக்காசு போட்டுத் தெரிந்துகொண்டேன். கோரிமேட்டில் பட்டறை வைத்த புதிதில் ஜப்பான் வண்டி ஒன்று வந்தது. பின் ஹவுசிங் என்றாலே கண்ணை மூடிக்கொண்டு 140 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றுகிற லாரிப் பழக்கம் எனக்கு. ஊற்றி அனுப்பினேன். இரண்டாம் நாள் திரும்பி வந்தது, இதே கட கட. ஜாயிண்ட் கிராஸ் இரண்டையும் மாற்றினேன். போகவில்லை. வீல் பேரிங் மாற்றினேன். அதற்கும் போகவில்லை. கடைசியில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பழைய வேட்டித் துணியில் டீசலைத் தொட்டு ஹவுசிங்கைத் துடைத்தேன். செம்மண் சகதி உரிந்து வந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர். லிமிடெட் ஸ்லிப் ஆயில் மட்டுமே ஊற்றவும் என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. வண்டிக்காரர் நல்ல மனுஷர், சிரித்துவிட்டுப் போனார். கிராஸும் பேரிங்கும் என் கணக்கில் போயின.

ஆகவே முதலில், விற்றவர் சொன்னதை நம்பாமல் உங்கள் ஹவுசிங்கைத் துடைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப் பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது தட்டுகள் தேய்ந்து ஓய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் தட்டு வேலை செய்கிறது. எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு பின் சக்கரம் தரையில் இருக்க, ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கியர் போட்டால், சாதாரண வண்டியில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். லிமிடெட் ஸ்லிப் வண்டியில் தரையில் இருக்கிற சக்கரமும் தள்ளும். வண்டி ஜாக்கியிலிருந்து பாய்ந்துவிடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இருக்கிறது என்று உறுதியானால், வண்டியோடு வந்த கையேட்டில் எந்த கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மை எண்) என்று பார்த்து, அதே கிரேடில் ஜிஎல்-5, எல்எஸ் என்று இரண்டும் போட்ட சிந்தடிக் ஆயில் வாங்குங்கள். சாதாரண 90 நம்பர் ஆயிலை விட மூன்று மடங்கு விலை சொல்வார்கள். கிரவுன் செட் விலையோடு ஒப்பிட்டால் அது டீ காசு. ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் சூடானதும் இறக்குங்கள். எப்போதும் மேலே ஊற்றுகிற போல்ட்டை முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கீழ் போல்ட்டைத் தொடுங்கள். கீழே எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றால் வண்டி அங்கேயே படுத்துவிடும். காந்த போல்ட்டில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை. ஊசி ஊசியாகவோ சில்லு சில்லாகவோ இரும்பு இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் உண்மை இருக்கிறது. இறங்கிய ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மேலே காற்று போய்வருகிற பிரீதர் குழாயைப் பாருங்கள்.

புது ஆயிலை ஊற்றுகிற துளையின் விளிம்பு வரை நிரப்பி மூடிவிட்டு, உடனே மலை ஏறாதீர்கள். காலி மைதானம் ஒன்றில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, இங்கிலீஷ் எட்டுப் போடுகிற மாதிரி மெதுவாகப் பத்துத் தடவை சுற்றுங்கள். பழைய ஆயில் தட்டுகளுக்கு நடுவே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். அது வெளியே வந்து புதியது உள்ளே போக வேண்டும். முதல் இரண்டு மூன்று சுற்றில் சத்தம் இருக்கும், பிறகு அடங்கும். அடங்காவிட்டால் மட்டும் தனியாக விற்கிற மாடிஃபையர் பாட்டிலில் கொஞ்சம் சேர்க்கலாம். பாட்டில் முழுவதையும் கவிழ்த்துவிடாதீர்கள். மருந்து அதிகமானால் தட்டு வழுக்கிக்கொண்டே இருக்கும், லிமிடெட் ஸ்லிப் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஐப்பசி மழையில், சில்வர் ஓக் சருகு ஊறிக்கிடக்கிற தோட்டத்துச் சகதியில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும்போது அது தெரியும்.

இன்னொன்று. பின் டயர் இரண்டும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். ஒரு பக்கம் புது ஸ்டெப்னி, மறுபக்கம் மொட்டை டயர் என்று ஓட்டினால் நேர் ரோட்டிலும் தட்டுகள் உரசிக்கொண்டேதான் இருக்கும். எந்த ஆயிலும் அதற்கு ஈடுகொடுக்காது.

கேள்வி: 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று கடையில் மூன்றையும் எடுத்து வைக்கிறார்கள். ஏற்காட்டுக் குளிருக்கு 75தான் நல்லது என்று நண்பர் சொல்கிறார். சரியா?
வாசகர், கன்னங்குறிச்சி, சேலம்

பதில்: உங்கள் நண்பர் ஏற்காட்டைக் காஷ்மீர் ஆக்கிவிட்டார். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கிற எண் குளிருக்கானது. 75 என்றால் மைனஸ் 40 டிகிரி வரை ஆயில் இளகி ஓடும், 80 என்றால் மைனஸ் 26, 85 என்றால் மைனஸ் 12. மார்கழியில் நம் மலையில் ஸ்வெட்டர் போடுகிறோம் என்பது உண்மைதான், ஆனால் வாளித் தண்ணீர்கூட உறைவதில்லை. நமக்கு இடப்பக்க எண் மூன்றுமே போதும்.

நாம் பார்க்க வேண்டியது வலப்பக்க எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 140 என்றால் 24 முதல் 32.5 வரை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி, சேலத்தின் 278 மீட்டரிலிருந்து 1,500 மீட்டருக்கு ஏறுகிறோம். வெயில் 40 டிகிரியைத் தொடுகிற மே மாதத்தில், ஐந்தாறு பேரும் பலாப்பழ மூட்டையுமாக இரண்டாம் கியரிலேயே ஏறினால், வேகம் இல்லாததால் ஹவுசிங்கில் காற்றும் படாது. சிந்தடிக் காசுக்கு வேலை செய்கிற இடம் இதுதான். சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகாது, பற்களுக்கு நடுவே நசுங்கி நசுங்கி நீர்த்துப்போவதும் குறைவு. குளிருக்காக வாங்காதீர்கள், ஏற்றத்துக்காக வாங்குங்கள்.

அப்படியானால் 140தானே நல்லது என்று கேட்பீர்கள். கையேட்டில் 90 என்றிருந்தால் 90தான். தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலைக் கிண்டுவதற்கே எஞ்சின் தனியாக உழைக்க வேண்டும், அந்த உழைப்பும் சூடாகத்தான் மாறும். கையேடே பாரத்துக்கு 140 சொன்னால் தாராளமாக ஊற்றுங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கு வழக்கம்போல் பதில் இல்லை.

கேள்வி: என்னுடையது 2016 மஹிந்திரா தார். பின்னால் தானாகவே பூட்டிக்கொள்கிற டிஃபரன்ஷியல். இதற்கும் எல்எஸ் ஆயில், மாடிஃபையர் எல்லாம் ஊற்ற வேண்டுமா?
வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்களுடையது லிமிடெட் ஸ்லிப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. தாரில் 2015-இல் வந்த மெக்கானிக்கல் லாக்கிங், ஈட்டன் கம்பெனி தயாரிப்பு. வளைவில் சாதாரண டிஃபரன்ஷியல் போல விட்டுக்கொடுக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சுற்று அதிகமாகச் சுற்றினால்தான் உள்ளே கொக்கி விழுந்து, தட்டுகள் அமுங்கி முழுசாகப் பூட்டும். சகதியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அதுதான். அந்தப் பூட்டு தட்டுகளின் பிடிப்பை நம்பித்தான் இருக்கிறது. அதனால் மாடிஃபையரை நீங்களாகச் சேர்க்க வேண்டாம். கையேடு எந்த ஆயிலைச் சொல்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: பின் ஹவுசிங்குக்கு வாங்கிய எல்எஸ் சிந்தடிக்கில் அரை லிட்டர் மீதி இருக்கிறது. கியர் பாக்ஸில் ஊற்றிவிடலாமா?
வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: வேண்டாம். கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 (ஜிஎல்-5-ஐ விட மருந்து குறைவான ஆயில்) என்று போட்டிருந்தால், ஜிஎல்-5-இல் இருக்கிற கந்தக மருந்து உள்ளே கியர் சத்தமில்லாமல் விழ உதவுகிற பித்தளை ரிங்குகளை மெல்ல மெல்ல அரிக்கும். எல்எஸ் மருந்தோ அந்த ரிங்குகளை வழுக்க வைத்து, கியர் மாற்றும்போது கரகரவென்று இழுக்கும். டப்பாவை இறுக மூடி, தேதி எழுதி, வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை லெவல் பார்க்கும்போது குறைந்திருந்தால் உதவும்.