ஃப்ளூ பெருந்தொற்று வந்தா பள்ளிக்கூடம் என்ன பண்ணணும்? உங்க கேள்விகளுக்கு பதில்

பொது சுகாதாரத்துல வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ நான், 2009 பன்றிக்காய்ச்சல் சமயத்துல பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா ஏறி இறங்கியிருக்கேன். வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்துட்டேன்.

கேள்வி (தனியார் பள்ளி டீச்சர்): மேடம், ஃப்ளூ வருஷா வருஷம் வர்றதுதானே, இதுக்கு எதுக்கு தனியா பிளான்?

வருஷா வருஷம் வர்றது தெரிஞ்ச வைரஸ், நம்ம உடம்புக்கு கொஞ்சமாவது பழக்கம் இருக்கும். பெருந்தொற்றுங்கறது யாருக்குமே பழக்கமில்லாத புது வைரஸ். 1918, 1957, 1968, 2009னு நூறு வருஷத்துக்குள்ள நாலு தடவை வந்தாச்சு. 1957ல அது இந்தியாவுக்குள்ள கால் வச்சதே சிங்கப்பூர்ல இருந்து மெட்ராஸ் வந்த கப்பல் வழியாதான். பள்ளிக்கூடம்னா நெருக்கி உக்கார்ற இடம், ஒரே பாட்டில்ல நாலு பேர் தண்ணி குடிக்கற வயசு, அதனால பசங்க மூலமாத்தான் வீட்டுக்கு வீடு பரவும்.

கேள்வி (அரசுப் பள்ளி ஹெச்.எம்.): எங்ககிட்ட காசும் இல்ல ஆளும் இல்ல. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர்ல இருந்து சார். நிஜமாத்தான் சொல்றேன், உங்ககிட்ட இருக்கற பெரிய கருவி அதுதான். 'ஆப்சென்ட்'னு போடறதோட நிறுத்தாம பக்கத்துல சின்னதா 'கா'னு ஒரு எழுத்து, காய்ச்சல்னா மட்டும். வழக்கமா மூணு பேர் வராத கிளாஸ்ல ஒரு நாள் பத்து பேர் வரல, அதுல ஏழு 'கா'ன்னா, அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போன் போடுங்க, திங்கக்கிழமை பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. ஆண்டு விழாவுல 'ஒரு நாள் கூட லீவு போடாத மாணவர்'னு கப்பு குடுக்கறீங்க பாருங்க, அதை முதல்ல நிறுத்துங்க. 2009ல ஒரு பள்ளிக்கூடத்துல அஞ்சாங்கிளாஸ் பொண்ணு, கண்ணெல்லாம் செவந்து, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஆகஸ்ட் வெயில்ல நடுங்கிட்டு உக்காந்திருக்கு. ஏம்மா வந்தேன்னு கேட்டா, "இன்னும் லீவே போடல டாக்டர், கப்பு போயிடும்"ங்குது. அந்த பெஞ்சுல அதோட சேர்த்து அஞ்சு பேர்.

கேள்வி (மூணாங்கிளாஸ் பையனோட அம்மா): காய்ச்சல் விட்டதும் அனுப்பலாமா?

பாராசிட்டமால் குடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும், அதுக்கப்புறம் அனுப்புங்க. காலைல ஏழு மணிக்கு சிரப் ஊத்தி எட்டு மணிக்கு வேன்ல ஏத்தினா பதினோரு மணிக்கு மறுபடி கொதிக்கும். எனக்கு தெரியும், லீவு போட்டா உங்க ஒரு நாள் சம்பளம் போயிடும், அதனால அம்மாக்களை திட்டற டீச்சர்களுக்கும் சேர்த்தே சொல்றேன், திட்டாதீங்க, பக்கத்து வீட்டுல யாராவது பார்த்துக்க வழி இருக்கான்னு முன்னாடியே பேசி வைக்க சொல்லுங்க. அப்புறம் ஃப்ளூ காய்ச்சலுக்கு பசங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, மூளையையும் கல்லீரலையும் பாதிக்கற ஆபத்து இருக்கு. மூச்சு வாங்கினா, சோர்ந்து போய் எழுப்பினாலும் எழலைன்னா, உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி (சத்துணவு அமைப்பாளர்): கை கழுவ சோப்பு வச்சா ரெண்டு நாள்ல காணாம போகுதும்மா. பசங்கதான் எடுக்குதுங்க.

பாதி பசங்க, பாதி காக்கா! சிரிக்காதீங்க, காக்கா சோப்பை கொத்திட்டு போறதை நானே பார்த்திருக்கேன். வெங்காயம் வாங்கற வலைப் பை இருக்குல்ல, அதுல சோப்பை போட்டு வாய இறுக்கி முடிச்சு போட்டு பைப்புல தொங்க விடுங்க, வலையோடவே தேய்ச்சுக்கலாம், நுரையும் நல்லா வரும். 20 செகண்ட் தேய்க்கணும். அந்த சங்கிலி கட்டின எவர்சில்வர் டம்ளரை மட்டும் தயவுசெஞ்சு கழட்டிடுங்க, அவங்கவங்க டம்ளர் கொண்டு வரட்டும்.

கேள்வி (பெற்றோர் சங்கம்): பேசாம பள்ளிக்கூடத்தை மூடிட்டா போச்சு?

சொல்றது ஈஸிங்க. 2009 ஆகஸ்ட்ல புனேல 14 வயசு பொண்ணு இறந்தப்ப, இந்தியாவுல அதுதான் முதல் சாவு, அங்க பள்ளிக்கூடங்களை மூடினாங்க. அதே வருஷம் மே மாசம் அமெரிக்காவுல நோய் வந்த பள்ளிக்கூடத்தை 14 நாள் மூடுங்கன்னாங்க, நோய் நினைச்ச அளவுக்கு கடுமையா இல்லைன்னு தெரிஞ்சதும் சில நாள்லயே, பள்ளிக்கூடம் நடக்கட்டும், நோய் வந்த பசங்க மட்டும் வீட்ல இருக்கட்டும்னு மாத்திக்கிட்டாங்க. 2023 மார்ச்ல புதுச்சேரியில ஃப்ளூவுக்காக ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் பத்து நாள் கிட்ட லீவு விட்டாங்க. அதாவது சீக்கிரமா, கொஞ்ச நாளுக்கு, சின்னப் பசங்களுக்கு மூடினா பரவற வேகம் குறையும், அவ்வளவுதான். கொரோனாவுல நம்ம தமிழ்நாட்டுல ஒண்ணாங்கிளாஸ் பசங்க திரும்ப கிளாஸுக்கு வந்தது 2021 நவம்பர் 1ல, நடுவுல ஒன்றரை வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. மூடினா மதிய சாப்பாடு என்ன ஆகும், அரிசி பருப்பா வீட்டுக்கு குடுக்கறதா, யார் எந்த நாள்ல வாங்கிக்கறது, இதெல்லாம் இப்பவே பேப்பர்ல இல்லைன்னா அது பிளானே இல்ல.

கேள்வி: தடுப்பூசி?

வருஷா வருஷம் போடற ஃப்ளூ ஊசி ஆறு மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு போடலாம், ஒன்பது வயசுக்குள்ள முதல் தடவைன்னா நாலு வாரம் விட்டு ரெண்டு டோஸ். ஆனா புது வைரஸுக்கு ஊசி தயாராக மாசக்கணக்காகும், அது வர வரைக்கும் ரெஜிஸ்டரும் சோப்பும்தான்.

கேள்வி (ரெண்டு டீச்சர் இருக்கற தொடக்கப் பள்ளி): எங்க ரெண்டு பேருக்குமே காய்ச்சல் வந்தா?

வரும், அப்படி நினைச்சுத்தான் பிளான் போடணும். பக்கத்துப் பள்ளி ஹெச்.எம்.கிட்ட இப்பவே பேசி வைங்க, சாவி எங்க இருக்குன்னு மூணாவதா ஒருத்தருக்கு தெரியணும். ஒவ்வொரு பையனுக்கும் வீட்டு நம்பர் ரெண்டு வேணும், ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க, பாதி நம்பர் ஸ்விட்ச் ஆஃப்லதான் இருக்கும்.