கிண்டியா குரோம்பேட்டையா, இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்ல எதை மேல போடுறது?

அம்மா, உங்க வாய்ஸ் மெசேஜ் முழுசா கேட்டேன். பாப்பாவோட கட்-ஆஃப்க்கு கிண்டி சிஇஜி, குரோம்பேட்டை எம்ஐடி ரெண்டுலயும் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வர்ற மாதிரி இருக்கு, சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ராத்திரி தூக்கமே வரலைன்னீங்க. நிம்மதியா இருங்கம்மா, இதுல எது கிடைச்சாலும் புள்ளைக்கு நட்டம் கிடையாது.

ரெண்டுமே அண்ணா யுனிவர்சிட்டியோட சொந்த கேம்பஸ். டிகிரில அதே பேர்தான் வரும், பிளேஸ்மென்ட் பாத்துக்கிறதும் சியுஐசின்னு ஒரே ஆபீஸ்தான். மத்திய அரசு குடுக்கிற என்ஐஆர்எஃப் ரேங்க் பாத்தும் புரியலைன்னீங்க, புரியாதுதான், அது யுனிவர்சிட்டி மொத்தத்துக்கும் சேத்துக் குடுக்கிறது, அதை வச்சு இந்த ரெண்டையும் தரம் பிரிக்கவே முடியாது. ஈசிஇ மட்டும்தான் கேள்வின்னா நான் கிண்டியை மேல போடச் சொல்வேன், பெரிய கேம்பஸ், பிரிவும் அதிகம், பல டிபார்ட்மென்ட் பசங்களோட சேந்து ப்ராஜெக்ட் பண்ணலாம். ஆனா அது ஒரு நூலிழை வித்தியாசம்தான்.

மெசேஜ் கடைசில பாப்பா பின்னாடியிருந்து "ஏரோநாட்டிக்கல்"னு சொன்னது எனக்குக் கேட்டுச்சும்மா. நீங்க அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. அந்த பிரிவு கிண்டில கிடையாது, எம்ஐடிலதான் இருக்கு, கலாம் படிச்சது அதுதான். இஸ்ரோ, விமானம் தயாரிக்கிற எச்ஏஎல் மாதிரி இடங்கள்ல வேலை கம்மி, போட்டி ஜாஸ்தி, பல பேர் மேல எம்.டெக் படிக்க வேண்டி வருது, கடைசில சாஃப்ட்வேர் பக்கம் போறவங்களும் உண்டு. இதையெல்லாம் அவகிட்ட மறைக்காம சொல்லுங்க, கேட்டதுக்கு அப்புறமும் அதுதான் வேணும்னா அதை ஒண்ணாவதா போட்டுடுங்க.

கிடைக்காததை மேல போட்டா சான்ஸ் வீணாயிடும்னு பயப்படுறீங்கல்ல, அது தப்பும்மா, வருஷா வருஷம் இந்த பயத்துலயே நல்ல மார்க் வாங்கின புள்ளைங்க ஆசைப்பட்ட சீட்டை விட்டுடுறாங்க. பாப்பாவோட ரேங்க் முறை வரும்போது கம்ப்யூட்டர் லிஸ்ட்டை மேலிருந்து பாக்கும், ஒண்ணாவது காலியா இருந்தா அதைக் குடுக்கும், இல்லன்னா ரெண்டாவது, இல்லன்னா மூணாவது, அவ்ளோதான். மேல ஒண்ணு கிடைக்கலைங்கிறதுக்காக கீழ இருக்கிற சீட்டு அடுத்தவங்களுக்குப் போயிடாது. அதனால எது வரும்னு கணக்குப் போட்டு வரிசை வைக்காதீங்க, எது வேணுமோ அதை வரிசையா வைங்க, போன வருஷ கட்-ஆஃப் பாக்கிறது கீழே பத்திரத்துக்கு எவ்ளோ சாய்ஸ் சேக்கணும்னு தெரிஞ்சுக்கத்தான், அதையும் உங்க கம்யூனிட்டிக்கு உள்ளதைப் பாருங்க, ஓசி (பொதுப் பிரிவு) கட்-ஆஃப் பாத்துட்டு கலங்காதீங்க.

அப்புறம் பிரிவு பேருக்குப் பக்கத்துல எஸ்எஸ்-னு போட்டிருந்தா அது சுயநிதி, அதே கேம்பஸ்தான் ஆனா ஃபீஸ் கூட வரும், அப்பாகிட்ட இப்பவே பேசிடுங்க. அலாட்மென்ட் வந்ததும் அக்செப்ட் பண்ணி அப்வர்டு கேட்டா, அதாவது லிஸ்ட்ல இதுக்கு மேல இருக்கிறது காலியானா அதைக் குடுங்கன்னு கேட்டா, மேல இருக்கிறது கிடைச்ச உடனே கீழ இருந்த சீட்டு போயிடும், திரும்பக் கேக்க முடியாது, அதனால மேல இருக்கிற ஒவ்வொண்ணும் நிஜமாவே வேணுமான்னு பாருங்க.

இன்னிக்கு சாயங்காலம் பாப்பாவையே ஒரு பேப்பர்ல வரிசை எழுதச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல உக்காந்து எதுவும் சொல்ல வேணாம். அதை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, லாக் பண்றதுக்கு முன்னாடி காலேஜ் கோடு, பிரிவு கோடு எல்லாம் ஒருதடவை சேந்து சரிபாத்துடலாம்.