மீதி இருபது சதவீதம் யார்?

கேள்வி: அமெரிக்காவில், மினியாபொலிஸ் பக்கம் இருக்கிறேன். எங்கள் பள்ளி மாவட்டத்தில் வருகைப்பதிவு, மார்க், பஸ், கவுன்சிலிங் குறிப்பு எல்லாவற்றையும் ஒரே சிஸ்டத்தில் போட்டு கவுண்டி (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) அலுவலகத்தோடும் பகிரப் போகிறார்கள். பெற்றோர் கமிட்டியில் என்னையும் சேர்த்து, 'எல்லாப் பிள்ளைகளுக்கும் நியாயமான இலக்குகள்' எழுதி வரச் சொல்லிவிட்டார்கள். ஐ.டி.யில்தான் வேலை, ஆனாலும் எங்கே தொடங்குவது என்று புரியவில்லை.

பதில்: முதலில் ஐ.டி. மூளையைக் கழற்றி வையுங்கள். 'ஆறு மாதத்தில் எல்லா டேட்டாவும் ஒரே டேஷ்போர்டில்' என்று எழுதத்தான் உங்களுக்குக் கை போகும், அது வெண்டருக்கு வைக்கிற இலக்கு. '80 சதவீதப் பெற்றோர் போர்ட்டலில் லாகின் செய்ய வேண்டும்' என்பதும் அதே ரகம்தான். எட்டிவிடலாம், கைதட்டுவார்கள். மீதி 20 யார்? நைட் ஷிஃப்ட் போகிற அம்மா, சோமாலி மட்டுமே பேசுகிற பாட்டி, அடிக்கடி வீடும் போன் நம்பரும் மாறுகிறவர்கள். யாருக்கு உதவப் போகிறோம் என்று சொல்லித் திட்டத்துக்குப் பணம் கேட்டார்களோ, அவர்களேதான். அதனால் சராசரியை விட்டுவிட்டு, குழு குழுவாக எண்ணைப் பிரித்து, கடைசியில் நிற்பவர்களின் எண் எவ்வளவு ஏற வேண்டும் என்று எழுதுங்கள்.

பிரிக்கும்போது 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இன்ஜினியர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளையும் அகதி முகாமிலிருந்து வந்த, பர்மாவின் கரென் இனப் பிள்ளையும் அதில் ஒன்றாகக் கிடந்தால், நம் பிள்ளையின் மார்க் அந்தப் பிள்ளையை மறைத்துவிடும்.

அப்புறம், அடிக்கடி பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே சிஸ்டம் காட்டும் சிவப்புப் புள்ளி. பள்ளி நாட்களில் பத்தில் ஒன்று, அதாவது 180 நாளில் 18 நாள் வராவிட்டால் 'தொடர்ந்து வராதவர்' என்று கணக்கு. ஆஸ்துமாவில் இழுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் பிள்ளையும், பஸ் வராததால் நின்றுபோன பிள்ளையும், ஊர் சுற்றப் போன பிள்ளையும் அந்த ஸ்கிரீனில் ஒன்றுதான். புள்ளி விழுந்தால் யார், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் வீட்டுக்கு போன் செய்வார்கள்? பஸ்தான் காரணம் என்றால் அது பஸ் பிரிவுக்குப் போகுமா, இல்லை நேரே கோர்ட்டுக்கா? இதை எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கவுண்டியோடு பகிர்வதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்கள் பக்கத்து ஊரான செயின்ட் பாலில் 2018ல் நகராட்சி, ராம்சி கவுண்டி, பள்ளி மாவட்டம் மூன்றும் டேட்டாவைச் சேர்க்க ஒப்பந்தம் போட்டன. சிக்கலில் விழக்கூடிய பிள்ளைகளை முன்பே கண்டுபிடித்து உதவுவதுதான் நோக்கம் என்றார்கள். அந்த முத்திரை கடைசியில் கறுப்பினப் பிள்ளைகள் மேல்தான் விழும் என்று பெற்றோரும் சமூக அமைப்புகளும் விடாமல் சண்டை போட்டதில், 2019 தொடக்கத்தில் ஒப்பந்தமே கலைந்தது. வீண் பயம் என்று சொல்லிவிட முடியாது. ஃப்ளோரிடாவின் பாஸ்கோ கவுண்டியில் ஷெரிஃப் அலுவலகம் (கவுண்டி போலீஸ்) பள்ளியின் மார்க், வருகை விவரங்களையெல்லாம் எடுத்து, பின்னாளில் குற்றவாளி ஆகக்கூடிய மாணவர்கள் என்று ரகசியமாகப் பட்டியல் வைத்திருந்ததை 2020ல் ஒரு பத்திரிகை வெளியே கொண்டுவந்தது.

எனவே எதைப் பகிரக் கூடாது என்பதையும் இலக்காகவே எழுதுங்கள். கவுன்சிலிங் குறிப்பு கவுண்டிக்கு எதற்கு? உருப்படியான பதில் வரும்வரை அது பூட்டியே இருக்கட்டும். விசா, குடியுரிமை விவரத்துக்குக் கட்டமே வேண்டாம். ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: என் மகன் செய்யாத தப்புக்கு சஸ்பென்ஷன் என்று ரெக்கார்டில் ஏறியிருக்கிறது. மாற்ற முடியுமா? (இன்னொரு வாசகர், அமெரிக்காவிலிருந்து)

பதில்: பதிவில் தவறாக எழுதியிருந்தால் திருத்தக் கேட்கலாம், ஆனால் சஸ்பெண்ட் செய்த முடிவையே மாற்ற இந்த வழி உதவாது. மாணவர் பதிவுகளைப் பற்றிய 1974ம் வருஷத்து ஃபெர்பா (FERPA) சட்டப்படி, நீங்கள் கேட்ட 45 நாளுக்குள் பதிவைக் காட்ட வேண்டும். திருத்த மறுத்தால் விசாரணை கேட்கலாம், அதிலும் தோற்றால் உங்கள் தரப்பை எழுதி அந்த ஃபைலோடு சேர்க்கச் சொல்லலாம். மகனுக்கு 18 வயது ஆகிவிட்டால் அந்த உரிமை அவனுக்குப் போய்விடும், அவன்தான் கேட்க வேண்டும்.

மினியாபொலிஸ் வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பள்ளியில் திருத்தினாலும் ஏற்கனவே கவுண்டிக்குப் போன காப்பியில் சஸ்பென்ஷன் அப்படியே இருக்கும். அங்கேயும் எத்தனை நாளில் மாறும் என்று ஒரு எண்ணைப் போட்டு எழுதுங்கள்.