ரெக்கார்டிங்குக்கு முன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான்கு பக்திப் பாடல்களை ஒரே கால்ஷீட்டில் பதிவு செய்ய இருக்கிறோம். ஒரு பாடகி, மிருதங்கம், வயலின், கீபோர்டு. வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டியவை எவை?
– வாசகி, திருச்சி

பதில்: ஒரே கால்ஷீட்டில் நான்கு என்பது கொஞ்சம் பேராசை. மைக் வைத்து, லெவல் பார்த்து, அவரவர் ஹெட்போனில் கேட்க வேண்டியதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரண்டு பாட்டை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை நேரம் மிஞ்சினால்.

சுருதியும் டெம்போவும் (பாட்டின் வேகம்) வீட்டிலேயே முடிவாக வேண்டும். காலையில் பதிவு என்றால், மாலைக் குரலை நம்பிச் சுருதி வைக்காதீர்கள். அதே காலை நேரத்தில் பாட்டின் உச்ச வரியையும் மந்திர ஸ்தாயி (மிகத் தாழ்ந்த சுரங்கள்) வரியையும் பாடிப் பாருங்கள். ஐந்தரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) திணறுகிறதா, ஐந்துக்கு இறங்கிவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை. சுருதிப் பெட்டியையும் கீபோர்டையும் ஒருமுறை சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பெட்டியின் நுண்சுருதித் திருகு சற்று நகர்ந்திருந்தாலும் இரண்டும் ஒட்டாது.

டெம்போவுக்கு ஒரு சின்னக் கணக்கு. பாடகி இயல்பாகப் பாடுவதைச் செல்போனில் பதிந்து, ஆதி தாளத்தில் 10 ஆவர்த்தனம் (தாளச் சுற்று) எத்தனை நொடி என்று பாருங்கள். சுற்றுக்கு எட்டாக அது 80 அட்சரம் (தாள எண்ணிக்கை). 4800ஐ அந்த நொடிகளால் வகுத்தால் கிளிக்கின் (ஹெட்போனில் தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) எண், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது, கிடைக்கும்: 64 நொடி என்றால் 75. அந்தக் கிளிக்கோடு ஒயர் உள்ள ஹெட்போனில் பழகுங்கள். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வருவதால் தாளம் கையை விட்டு நழுவும். ஆரம்பத்தில் விருத்தம் (தாளமில்லாமல் பாடும் செய்யுள்) இருந்தால் அதற்குக் கிளிக் வேண்டாம்.

கேள்வி: வீட்டில் கச்சிதமாகச் சேர்த்த மிருதங்கம் ஸ்டூடியோவில் அரை மணி நேரத்தில் சுருதி மாறுகிறது. ஏன்?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஏ.சி. அறைக் காற்றில் ஈரம் குறைவு. தோல் காய்ந்து இறுகும், வலந்தலை (வலக்கை வாசிக்கும் பக்கம்) சுருதி ஏறும். மழைநாளில் ஈரக் காற்றில் எடுத்து வந்த வாத்தியம் என்றால் மாற்றம் இன்னும் அதிகம். அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகவே வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்துப் பதிவு அறையிலேயே வைத்துவிடுங்கள், ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருக்கட்டும். பிறகுதான் சேர்க்க வேண்டும். வலந்தலையின் மூட்டு (தோலைச் சுற்றியுள்ள பின்னல் விளிம்பு) மேலிருந்து தட்டினால் ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஆனால் ஒரு கண்ணில் (வார் கோத்த இடம்) மட்டும் தட்டிவிட்டு நிறுத்தாமல் சுற்றிலும் ஒரே நாதம் வருகிறதா என்று பாருங்கள். கச்சேரியில் மறைந்துபோகிற வேறுபாட்டை மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொப்பியில் (இடக்கைப் பக்கம்) அப்பிய ரவையும் காயும். காய்ந்தால் கும்கியின் (தொப்பியில் எழும் ஆழ்ந்த நாதம்) கனம் போய்விடும். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் பிசைந்த ரவையும் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் விரலால் நனைத்துப் பாருங்கள். பெண் குரலுக்கு ஹெச்சு (உயர் சுருதி) மிருதங்கம்தான். தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை இறுக்கி ஐந்து கட்டைக்கு ஏற்றப் பார்ப்பது தோலுக்கும் கேடு, நாதத்துக்கும் கேடு.

வயலின்காரருக்கும் ஒரு சொல்: புதுத் தந்தி போடுவதானால் மூன்று நாள் முன்பே போடட்டும். அன்று காலை போட்ட தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பாடும்போது தம்பூராவை அறையில் ஒலிக்க விடலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். ஹெட்போனில் மட்டும். குரல் மைக்கில் தம்பூரா கலந்துவிட்டால், தவறிய ஒரு வரியைப் பிறகு பஞ்ச் செய்யும்போது (அதை மட்டும் மறுபடி பாடிச் சேர்க்கும்போது) வெட்டிய இடத்தில் நாதம் துள்ளும். ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடும் பழக்கம் இருந்தால், திறந்த பக்க ஹெட்போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் கிளிக் கசியும். மெல்லிய வரிகளில் அந்த ‘டிக் டிக்’ அப்படியே கேட்கும், மிக்ஸிங்கில் முழுதாக அழிக்க முடியாது.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும். கண்ணாடி வளையலும் சரசரக்கும் பட்டும் அன்று வீட்டிலேயே இருக்கட்டும். சாகித்தியத்தை (பாடல் வரிகள்) பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, தாள்களைப் பின் குத்தாமல் ஸ்டாண்டில் வரிசையாக அடுக்குங்கள். பாதிப் பாட்டில் பக்கம் புரட்டினால் அந்தச் சத்தமும் பதிவாகும்.

கேள்வி: பின்னணி இசையை எம்.பி.3யாகக் கொண்டுபோகலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பாடிப் பழக அது போதும். பதிவுக்கு 24 பிட் வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எம்.பி.3யாக மாற்றும்போது தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துவிடும், கிளிக்கோடு தாளம் தள்ளிப்போகும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனிக் கோப்பாக, எல்லாமே பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். புல்லாங்குழல் மூன்றாம் நிமிடத்தில்தான் வருகிறதென்றாலும் அதற்கு முன் உள்ள மௌனத்தோடுதான் வேண்டும். இரண்டு பென் டிரைவில் எடுத்துப் போங்கள்.