டால்பி ட்ரூஎச்டியா, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவா: அந்த நான்கு டெசிபல்

ஒரே படம் இரண்டு ப்ளூ-ரே பதிப்புகளாகக் கிடைக்கிறது, ஒன்றில் டால்பி ட்ரூஎச்டி, மற்றதில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, இரண்டில் எதன் ஒலி சிறந்தது, எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இழப்பில்லா வடிவங்கள், அதாவது சுருக்கி விரித்தாலும் ஒலியில் எதையும் இழக்காதவை என்பதால், ஒரே ஒலிக்கலவையிலிருந்து உருவாக்கப்பட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான். பதில் இவ்வளவே. ஆனாலும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் என்னால் கடந்து போக முடியவில்லை. ஆறு ஆண்டுகள் இதற்கு நேர்மாறான பதிலைக் கேட்டவர்களுக்கெல்லாம் உறுதியாகச் சொல்லிவந்தவன் நான்.

நீங்கள் இப்போது இருக்கும் நிலையில்தான் அன்று நானும் இருந்தேன் என்று ஊகிக்கிறேன். ஒலியை விரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் நல்ல ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் அமைத்துவிட்டு, இனி ஒரு துளி ஒலியும் வீணாகக்கூடாது என்ற கவலையில் இருந்தேன். நீங்கள் கேட்பது போலவே ஒரே படத்தின் இரண்டு பதிப்புகள் என்னிடம் இருந்தன. மழை பெய்யும் இரவில் ஒரு கதவு திறக்கும், உள்ளே வருபவர் தாழ்ந்த குரலில் இரண்டு வரி பேசுவார். ஏறக்குறைய நாற்பது வினாடிக் காட்சி. டிடிஎஸ் பதிப்பில் அந்தக் குரலுக்கு ஒரு கனம் இருந்தது, மழை அறையைச் சுற்றி நின்றது. ட்ரூஎச்டி பதிப்பில் அதே காட்சி சற்றுப் பின்வாங்கி, சோர்ந்து ஒலித்தது. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். கேட்டவர்கள் ஒருவர் விடாமல் டிடிஎஸ்ஸைத்தான் சொன்னார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் ட்ரூஎச்டி வட்டு தொடங்கும்போது ரிசீவரின் முகப்புத் திரையில் இரண்டே வினாடிகள் ஒரு வரி வந்து மறைந்தது: டயலாக் நார்ம், மைனஸ் 4 டெசிபல். அதற்கு முன்பும் ஒவ்வொரு முறையும் அது வந்திருக்க வேண்டும். என் கண்ணில் பட்டது அன்றுதான். கையேட்டைப் புரட்டியபோதுதான் விளங்கியது. டால்பியின் ஒலித்தடங்களில், உரையாடல் சராசரியாக எந்த அளவில் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரு குறிப்பெண் சேர்த்து அனுப்பப்படுகிறது. அந்த எண் மைனஸ் 31 என்றால் ரிசீவர் ஒலியைத் தொடாது. திரைப்பட வட்டுகளில் பரவலாகக் காணப்படும் மைனஸ் 27 என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 4 டெசிபல் அளவுக்கு எல்லாச் சானல்களையும் ஒன்றுபோலக் குறைத்துவிடும். ஒலியின் தரத்தில் எதுவும் மாறாது. வால்யூம் குமிழை நான்கு புள்ளி கீழே திருப்பியது போலத்தான். டிடிஎஸ்ஸிலும் இத்தகைய வசதி உண்டு, ஆனால் வட்டுகளில் அது பயன்படுவது அரிது.

மனிதக் காதுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக் கேட்டால், அது கூடுதலாக இருக்கிறது என்று தோன்றாது. தெளிவாக, ஆழமாக, உயிரோடு இருக்கிறது என்றுதான் தோன்றும். ஒலி குறையும்போது தாழ்ந்த சுரங்கள் மற்றவற்றைவிட வேகமாக நம் காதிலிருந்து மங்குவதும் இதற்கு ஒரு காரணம். அந்தக் குரலில் நான் கண்ட கனம் அந்த நான்கு டெசிபலாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நண்பர் ஒருவரிடமிருந்து இன்னொரு ப்ளேயரை வாங்கிவந்து, இரண்டையும் எச்.டி.எம்.ஐ வழியாக ஒரே ரிசீவரில் இணைத்தேன். ஒலியளவு காட்டும் கருவியை முக்காலியில் என் காது இருக்கும் உயரத்தில் நிறுத்தி, அந்த நாற்பது வினாடிகளையும் இரண்டு வட்டுகளிலும் ஓட்டி அளந்து, ட்ரூஎச்டி வரும் இணைப்பின் அளவை மட்டும் ரிசீவரில் நான்கு டெசிபல் உயர்த்திச் சமன்செய்தேன். முகப்புத் திரையைத் துணியால் மூடிவிட்டு என் தம்பியை எனக்குப் பின்னால் உட்காரவைத்து, நாணயத்தைச் சுண்டிப் பார்த்து இணைப்பை மாற்றும்படி சொன்னேன். இருபது முறை கேட்டேன். ஒன்பது முறை சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு எதையாவது சொல்லியிருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் வந்திருக்கும். ஆறு ஆண்டுகள் நான் சொல்லிவந்த அத்தனையும் ஒரு மாலையில் முடிந்துபோயிற்று.

உன் காது போதாது, உன் ஸ்பீக்கர் போதாது என்று இதற்குக் கீழே சிலர் எழுதுவார்கள் என்று அறிவேன். இருக்கலாம். ஆனால் இழப்பில்லா வடிவம் என்பது காதை நம்பியா இருக்கிறது? ஒலிக்கூடத்திலிருந்து வந்த எண்கள் சுருக்கப்பட்டு வட்டில் ஏறுகின்றன; விரிக்கும்போது கடைசி பிட் வரை அதே எண்கள் திரும்பி வருகின்றன. ஒரு துணியை நான்காக மடித்து வைத்தாலும் எட்டாக மடித்து வைத்தாலும் விரித்தால் அதே துணிதானே. டிடிஎஸ் தடத்தின் பிட்ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை பிட் என்பது, திரையில் பெரிய எண்ணாகத் தெரிகிறதே என்பார்கள். அது மடிக்கும் முறையில் உள்ள வேறுபாடு. டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, பழைய ரிசீவர்களுக்கும் புரியும் இழப்புள்ள டிடிஎஸ் ஒன்றை உள்ளே கருவாக வைத்து, அதற்கும் மூல ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை மேலே அடுக்குகிறது. ட்ரூஎச்டி, டிவிடி-ஆடியோ காலத்து மெரிடியன் நிறுவனத்தின் முறையில் பிறந்தது. மூலத்தை நேரடியாகச் சுருக்குகிறது. எண் பெரிதானால் வட்டில் இடம் கூடுதலாகிறது, அவ்வளவே. சுருக்கமே இல்லாத எல்பிசிஎம் தடத்தில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஆறு சானல்களுக்கு வினாடிக்கு 6.9 மெகாபிட் ஆகும். தொடக்க கால ப்ளூ-ரே வட்டுகள் பலவற்றில் அப்படித்தான் பதித்தார்கள். அதனால் அவற்றின் ஒலி ஒரு படி உயர்ந்துவிடவில்லை.

இந்தச் சண்டை எங்கிருந்து வந்தது என்றால், டிவிடி காலத்திலிருந்து வந்தது. அன்று டால்பி டிஜிட்டல் 448 கிலோபிட், டிடிஎஸ் 754 அல்லது 1509 கிலோபிட்; இரண்டும் இழப்புள்ளவை, எது எவ்வளவு இழக்கிறது என்று வாதிடுவதற்கு இடம் இருந்தது. 2006-இல் ப்ளூ-ரே வந்தபோது இழப்பே இல்லாமல் போயிற்று, ஆனால் கட்சிகள் மட்டும் கலையவில்லை.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம், வட்டிலிருந்து ஸ்பீக்கர் வரையிலான பாதை. ஆப்டிகல் கேபிளில் இந்த இரண்டு இழப்பில்லா வடிவங்களும் போகவே போகாது. ட்ரூஎச்டி வட்டு என்றால் அதனுடன் வரும் டால்பி டிஜிட்டலும், டிடிஎஸ் வட்டு என்றால் அந்த உள்கருவும்தான் ரிசீவரை எட்டும். தொலைக்காட்சி வழியாகச் சவுண்ட்பாருக்கு அனுப்புபவராக இருந்தால் எச்.டி.எம்.ஐ வழியே ஒலியைத் திருப்பி அனுப்பும் வெறும் ஏஆர்சி போதாது, அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி வேண்டும். அதிலும் சில தொலைக்காட்சிகள் டிடிஎஸ்ஸைக் கடத்துவதே இல்லை. உங்களுடையது அப்படிப்பட்டது என்றால் மட்டும், தயங்காமல் ட்ரூஎச்டி பதிப்பை வாங்குங்கள். ப்ளேயரே விரித்து எல்பிசிஎம்மாக அனுப்பினாலும் தரம் குறையாது. ஆனால் அட்மாஸ், டிடிஎஸ்:எக்ஸ் ஆகியவற்றில் உயரத்திலிருந்து வரும் ஒலிக்கான குறிப்புகள் அந்த வழியில் தொலைந்துவிடும், அவற்றுக்கு, தடத்தை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பிட்ஸ்ட்ரீம்தான் வழி. ப்ளேயரின் அமைப்பில் இரண்டாம் ஒலி அல்லது ஆடியோ மிக்ஸ் என்று ஒன்று இருக்கும். அது இயக்கத்தில் இருந்தால், மெனுவின் சொடுக்கொலியைக் கலப்பதற்காகவே முழு ஒலித்தடத்தையும் சில ப்ளேயர்கள் இழப்புள்ள வடிவமாக மாற்றி அனுப்பும். அதை அணைத்துவிடுங்கள். ரிசீவரில் டைனமிக் ரேஞ்ச் என்ற அமைப்பு ஆட்டோவில் இருந்தால், ட்ரூஎச்டி தடங்களில் மட்டும் உரத்த ஒலிகளை அது அமுக்கக்கூடும். அதையும் அணைத்துவிடுங்கள். என் ரிசீவரில் அது ஆட்டோவில்தான் இருந்திருக்கிறது. சோதனைக்கு முன் அணைத்த பிறகுதான் அளவுகள் சரியாகப் பொருந்தின.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனத்தில் நெடுநாளாக இருப்பது. பழைய படங்கள் பலவற்றின் மூல ஒலி மோனோ, அதாவது ஒற்றைச் சானல். அவற்றை வட்டாக வெளியிடுபவர்கள், ஐந்து சானல்களும் ஒரு சப்வூஃபர் சானலுமாகப் புதிதாகச் செய்த 5.1 கலவையை இழப்பில்லாமல் முன்னே வைத்துவிட்டு, படம் வெளியானபோது மக்கள் கேட்ட அந்த மோனோவை 192 கிலோபிட் டால்பி டிஜிட்டலாகக் கடைசி வரிசையில் ஒட்டுகிறார்கள். சிலர் அதையும் செய்வதில்லை. இடமில்லை என்று சொல்ல முடியாது. 24 பிட் மோனோவைச் சுருக்காமலே வைத்தாலும் வினாடிக்கு 1.15 மெகாபிட், இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட்; இழப்பில்லாமல் சுருக்கினால் அதைவிடக் குறைவு. இரட்டை அடுக்கு ப்ளூ-ரே வட்டின் கொள்ளளவு 50 ஜிகாபைட். வடிவத்தின் பெயருக்காக நாம் சண்டை போடும் நேரத்தில், எந்தக் கலவை வைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அதனால் அவர்களும் வைப்பதில்லை.

ஆகவே நீங்கள் பார்த்த இரண்டு பதிப்புகளின் பின்னட்டையையும் இன்னொரு முறை பாருங்கள். படம் மோனோ காலத்தது என்றால், எந்தப் பதிப்பில் மூல ஒலி இழப்பில்லாமல் இருக்கிறதோ அதை வாங்குங்கள். இரண்டிலும் ஒரே கலவைதான் என்றால், படத்தின் பிம்பம் எதில் நன்றாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரூஎச்டி பதிப்பாக அமைந்தால் குமிழை நான்கு புள்ளி மேலே திருப்பிக்கொள்ளுங்கள்.