குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து போட்டாலும் அது வருமாமே, பிறகு ஏன் போட வேண்டும்?

வரலாம். என் மகளுக்கு வந்தது. ஆனாலும் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

6, 10, 14 வாரங்களில் மூன்று தவணையும் போட்டிருந்தோம். 11 மாதத்தில் ஒரு நாள் இரவு வாந்தி, காய்ச்சல். விடிவதற்குள் தண்ணீராகப் போக ஆரம்பித்துவிட்டது. "பல்லு முளைக்குதும்மா, அப்படித்தான் போகும்" என்றார் மாமியார். நல்லவேளை, காத்திருக்கவில்லை. பரிசோதனையில் ரோட்டா என்று வந்தது.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நிற்கும் குடலுறிஞ்சிகளின் நுனியை இந்த வைரஸ் சிதைத்துவிடும். அவை மறுபடி வளரும்வரை தண்ணீர் உடம்பில் சரியாகச் சேராது. ஆன்டிபயாடிக் இதற்குக் கேட்காது. போகிற தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவதுதான் வைத்தியம்.

அதிலும் நான் தப்புப் பண்ணப் பார்த்தேன். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டப் போனேன். நர்ஸ் அக்கா கையைப் பிடித்துவிட்டார். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. முழுப் பொட்டலம், ஒரு லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன் கொடுக்கச் சொன்னார். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. கடிகாரத்தைப் பார்த்தபடியே ஊட்டினேன். தாய்ப்பாலை நிறுத்தவில்லை. அப்புறம் ஜிங்க் மாத்திரை, 14 நாள். காலையில் கண்ணீரே வராமல் அழுதவள், மாலை நான்கு மணிக்கு என் மடியை நனைத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கண் உள்ளே போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, துவண்டு கிடப்பது, எதையும் குடிக்காதது: இதில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சொட்டு மருந்து எல்லா வயிற்றுப்போக்கையும் தடுக்காது. ரோட்டா வந்தாலும் முற்றவிடாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. இந்தியாவில் ரோட்டாவாக் என்ற ரோட்டா சொட்டு மருந்தை வைத்து நடந்த சோதனையில், முதல் வயதுக்குள் கடுமையான ரோட்டா நோய் பாதிக்கு மேல் குறைந்தது. என் மகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போகவில்லை.

தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2017 முதல் இலவசமாகவே போடுகிறார்கள். 6 வாரத்தில் தவறிவிட்டாலும், ஒரு வயதுக்குள் முதல் தவணையைத் தொடங்கிவிடலாம். என் இரண்டாவது குழந்தைக்கு இப்போது ஐந்து வாரம். வருகிற புதன்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.