நகர மையத்தில் பெட்ரோல் பங்க்: தடுக்க முடியுமா?

கேள்வி: நகரின் நடுவில் பெட்ரோல் பங்க் கட்ட மாநகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது. கோர்ட்டுக்குப் போனால் வழக்கு நிற்குமா?

பதில்: போகலாம், ஆனால் 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். பங்க் அங்கே தேவையா என்று நீதிபதி பொதுவாக முடிவுசெய்ய மாட்டார். நில உபயோகத் திட்டம் அந்த இடத்தில் இதை அனுமதிக்கிறதா, முறையாக அறிவிப்பு கொடுத்தார்களா, ஆட்சேபங்களைக் கேட்டார்களா, குடியிருப்புகளுக்கு விட வேண்டிய தூரம் விட்டார்களா, இதைத்தான் துருவுவார். நிலத்தடித் தொட்டி கசிந்தால் பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சுப் பொருள் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது வலுவான வாதம்தான், ஆனால் அதை மாநகராட்சி விசாரணையின்போதே எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும், அப்பீலில் புதிதாகக் கிளப்பினால் பெரும்பாலும் எடுபடாது. அமெரிக்காவின் பெட்டலூமா நகரம் 2021-ல் புது பங்க்குகளையே தடை செய்தது, சரி, ஆனால் அது நகர மன்றம் விதியை மாற்றியதால் நடந்தது, கோர்ட் தீர்ப்பால் அல்ல. அப்புறம், அப்பீல் கெடு எப்போது முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.